தப்பு உங்கள் மேல் இல்லை!

பிழைச் செய்தி முதல் பிரியாணி நோட்டிஃபிகேஷன் வரை, டெக் நிறுவனங்கள் நம்மிடம் பேசும் விதம்

1981. ஆப்பிளின் லிசா கணினி இன்னும் சந்தைக்கு வரவில்லை. கட், காப்பி, பேஸ்ட் வசதியை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர், நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து லிசாவின் முன் உட்காரவைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போகும். ஆனால், திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து 'செய்யட்டுமா?' என்று உறுதி கேட்கும் இடத்தில் மட்டும் சிலருக்கு முகம் மாறியது. பொத்தானை அழுத்தத் தயங்கினார்கள். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. ஒருவரிடம் விடாமல் கேட்டபோது அவர் எரிச்சலோடு சொல்லிவிட்டார்: 'நான் ஒன்றும் மடையன் இல்லை. இது ஏன் என்னை மடையன் என்கிறது?'

பொத்தானில் எழுதியிருந்தது 'டூ இட்'. ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே இடைவெளி போதவில்லை. பெரிய 'ஐ' எழுத்து, சின்ன 'எல்' மாதிரி தெரிந்தது. சேர்த்துப் படித்தவர் கண்ணுக்கு அது 'டோல்ட்', அதாவது மடையன். 'ஓகே' என்பது ரொம்பப் பேச்சுவழக்காக இருக்கிறது என்று முதலில் ஒதுக்கிவைத்திருந்த குழு, உடனே அதையே எடுத்துப் பொத்தானில் போட்டது. இன்றைக்கும் நாம் ஒரு நாளைக்குப் பத்து தடவை அழுத்துகிற பொத்தான் அது.

அந்த மனிதர் எழுத்தைத் தப்பாகப் படித்தார், வாஸ்தவம். ஆனால், படித்ததை நம்பினார் பாருங்கள், அதுதான் கவனிக்க வேண்டிய இடம். கணினி தன்னை மடையன் என்று சொல்லக்கூடும் என்பது அவருக்கு ஆச்சரியமாகவே இல்லை. புதிய கருவி ஒன்றின் முன் உட்காரும் யாருக்கும் உள்ளுக்குள் இந்தப் பயம் உண்டு. ஏதோ தப்பாக அழுத்திவிட்டோம், கெடுத்துவிட்டோம், நமக்கு இதெல்லாம் வராது. ஏடிஎம் முன்னால் நிற்கும் நம் அப்பாக்களுக்கு இருக்கிறது. ரயில் டிக்கெட் செயலியில் கேப்சா எழுத்துகளோடு மல்லுக்கட்டும் நமக்கும் இருக்கிறது. டெக் நிறுவனம் ஒன்றின் குணம் என்ன என்பது விளம்பரத்தில் தெரிவதில்லை. இந்தப் பயத்தை அது எப்படிக் கையாள்கிறது என்பதில்தான் தெரிகிறது. எளிமையாகப் பேசலாம், சிரிக்க வைக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் 'தப்பு உங்கள் மேல் இல்லை' என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

சிரித்த முதல் முகம்

இதை முதலில் பெரிய அளவில் புரிந்துகொண்டது ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினிக் குழு. 1983-ல் அந்தக் குழுவில் சேர்ந்த சூசன் கேர் கணினி படித்தவர் அல்ல. கலை வரலாற்றுக்காரர், சிற்பம் செய்தவர். ஏற்கெனவே அந்தக் குழுவில் இருந்த பள்ளித் தோழர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் கூப்பிட்டதால் வந்தார். கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றில், நீளவாக்கில் 32, அகலவாக்கில் 32 என்று கட்டங்களை எடுத்துக்கொண்டு, எந்தக் கட்டத்தைக் கறுப்பாக்குவது, எதை வெள்ளையாக விடுவது என்று பென்சிலும் பேனாவுமாக யோசித்தார். மொத்தமே 1,024 புள்ளிகள். அதற்குள் ஒரு கைக்கடிகாரம், பெயின்ட் வாளி, கணினியைத் திறந்ததும் புன்னகைக்கும் குட்டி மெக் முகம் எல்லாம் வந்தன. அதுவரை பெரும்பாலான கணினிகளைப் போட்டால் வெறும் திரையில் ஒரு கோடு துடித்துக்கொண்டு கட்டளைக்குக் காத்திருக்கும். இது சிரித்தது.

1984 ஜனவரி 24 அன்று கூப்பர்டினோவின் ஃப்ளின்ட் அரங்கில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பையிலிருந்து மெக்கின்டாஷ் பெட்டியை வெளியே எடுத்து வைத்தார். பெட்டி தானே பேசியது. வணக்கம் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொண்டது. பைக்குள்ளிருந்து வெளியே வந்ததில் நிம்மதி என்றது. ஐபிஎம்மின் ராட்சதக் கணினியைப் பார்த்தபோது தோன்றிய ஒன்று என்று சொல்லி, கையால் தூக்க முடியாத கணினியை ஒருநாளும் நம்பாதீர்கள் என்றது. அரங்கம் அதிர்ந்தது. நகைச்சுவைக்குப் பின்னால் ஒரு வணிக உத்தி இருந்தது, மறுக்கவில்லை. ஆனால், அன்று கிண்டலுக்கு ஆளானது அரங்கில் உட்கார்ந்திருந்தவர் அல்ல, கண்ணாடி அறைக்குள் பூட்டிவைத்த பெரிய இயந்திரம். கணினியைக் கண்டு மிரண்டவர் பக்கம் நின்று அந்தச் சின்னப் பெட்டி பேசியது.

அதே மெக்கில்தான் ஒரு சறுக்கலும் நடந்தது. மென்பொருள் முழுதாக முடங்கினால் காட்டுவதற்கு, திரி பற்றவைத்த வெடிகுண்டு ஒன்றை கேர் வரைந்திருந்தார். இது யார் கண்ணிலும் படப்போவதில்லை என்று பொறியாளர்கள் சொல்லியிருந்தார்கள். பட்டது. நிறையவே பட்டது. பக்கத்தில் 'மன்னிக்கவும்' என்று எழுதியிருந்தும், பெட்டி நிஜமாகவே வெடித்துவிடுமோ என்று பயந்தவர்கள் உண்டு. உருவாக்கியவர்களின் அறைக்குள் சிரிப்பாக இருந்தது, வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தவருக்கு நடுக்கமாகிவிட்டது.

கிளிப்பியை ஏன் வெறுத்தோம்?

எம்.எஸ். ஆபீஸ் 97-ல் டைப்பிங் பழகிய தலைமுறைக்குக் கிளிப்பியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மூலையில் புருவம் உயர்த்திக்கொண்டு நிற்கும் பேப்பர் கிளிப். 'அன்புள்ள' என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் போதும், கடிதம் எழுதுகிறீர்கள் போலிருக்கிறதே, உதவட்டுமா என்று வந்து நிற்கும். நூறாவது கடிதத்துக்கும் அதே கேள்விதான். கெவன் ஆட்டபெரி என்ற ஓவியர் வரைந்த அந்த உருவம் உண்மையில் அழகானது. கண்ணாலேயே பேசும். இருந்தும் கணினி வரலாற்றில் அதைப் போல் வசை வாங்கிய பாத்திரம் வேறில்லை.

காரணம் ஓரளவு நமக்குத் தெரியும். இதன் பின்னணியில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் எரிக் ஹார்விட்ஸ் தலைமையில் 'லூமியர்' என்றொரு திட்டம் நடந்தது. பயனர் எவ்வளவு தேறியிருக்கிறார் என்பதை நினைவில் வைத்து, அதற்கேற்ப உதவும் யோசனை அதில் இருந்தது. விற்பனைக்கு வந்த மென்பொருளில் அந்த நினைவாற்றல் இடம்பெறவில்லை. ஆக, நமக்குக் கிடைத்தது முகம் இருக்கிற, ஞாபகம் இல்லாத ஓர் ஆள். தினமும் பார்க்கிறவர் தினமும் 'நீங்க யாரு?' என்று கேட்டால் எத்தனை நாள் பொறுப்போம்?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிளிஃபர்ட் நாஸ், மனிதர்கள் கணினியையும் சக மனிதரைப் போலவே நடத்துகிறார்கள் என்று பைரன் ரீவ்ஸோடு சேர்ந்து 1996-ல் எழுதியவர். கிளிப்பியை மக்கள் வெறுத்ததற்கும் அதுவே விளக்கம் என்றார். சக மனிதரிடம் எதிர்பார்க்கும் மரியாதையைக் கிளிப்பி தரவில்லை. பிறகு அவர் செய்து பார்த்த ஒரு சோதனை எனக்கு மிகப் பிடித்தது. கிளிப்பியை லேசாக மாற்றினார். உதவி பயன்பட்டதா என்று அது கேட்கும். இல்லை என்றால், பயனரோடு சேர்ந்து தானும் கோபப்படும். இந்த உதவி வசதி எவ்வளவு மோசம் என்று மைக்ரோசாஃப்டுக்கே ஒரு புகார் எழுதலாம் வாருங்கள் என்று கூப்பிடும். அதே கிளிப், அதே புருவம். பார்த்தவர்களுக்குப் பிடித்துப்போனது. கூடுதலாக ஒரு பயனும் அதில் இல்லை. எழுதுகிற கடிதம் ஒரு வரிகூட நகரவில்லை. பழி யார் மேல் என்பது மட்டும் மாறியது.

மைக்ரோசாஃப்ட் அந்தப் பாதையில் போகவில்லை. 2001-ல் ஆபீஸ் எக்ஸ்பி வந்தபோது, வேலை போன கிளிப்பியைக் கேலி செய்தே விளம்பரம் எடுத்தது. ஆபீஸ் 2007-ல் கிளிப்பி முழுதாக மறைந்தது.

படுத்துவிட்ட தளமும் இரண்டு வட்டங்களும்

2006 ஜூலையில் ஒரு நாள் ஃப்ளிக்கர் படுத்துவிட்டது. படங்களைச் சேமித்துவைத்து உலகத்துக்குக் காட்டும் தளம் அது. யாகூ அதை முந்தைய ஆண்டுதான் வாங்கியிருந்தது. சேமிப்பகத்தில் கோளாறு, சில மணி நேரம் ஆகும். சாதாரணமாக இந்த நேரத்தில் ஓர் எண்ணும் ஒரு புரியாத வாக்கியமும் திரையில் நிற்கும். ஃப்ளிக்கர் இரண்டு வெற்று வட்டங்களை மட்டும் போட்டது. இந்தப் பக்கத்தை அச்செடுங்கள், வட்டங்களை வைத்து ஏதாவது செய்யுங்கள், வரையுங்கள், ஒட்டுங்கள். தளம் திரும்பியதும் படம்பிடித்துப் போடுங்கள், பரிசாகக் கட்டணக் கணக்கு இலவசம் என்றது. காத்திருந்தவர்கள் வண்ணப் பென்சிலோடு உட்கார்ந்துவிட்டார்கள். தளம் எழுந்ததும் கண்ணாடி, மிதிவண்டிச் சக்கரம், ஆந்தைக் கண் என்று வட்டங்கள் குவிந்தன.

சர்வர் கோளாறு அதனால் ஒரு நிமிடம்கூட முன்னதாகச் சரியாகியிருக்காது. ஆனால், கோளாறு எங்கள் பக்கம், உங்கள் நேரத்தை வீணாக்குகிறோம், தெரியும் என்பதை ஒப்புக்கொண்ட பிறகு வந்த விளையாட்டு அது. ஃப்ளிக்கரைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட் பின்னாளில் உருவாக்கிய ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் செயலியிலும் அதே வாடை அடித்தது. 'பிழைகள் சரிசெய்யப்பட்டன' என்று எல்லோரும் ஒற்றை வரியில் முடித்துக்கொள்ளும் அப்டேட் குறிப்புகளை, அவர்கள் எது உடைந்தது, எப்படி ஒட்டவைத்தோம் என்று கதை மாதிரி எழுதினார்கள். அலுவலக மென்பொருளின் அப்டேட் குறிப்பை ஆட்கள் விரும்பிப் படித்தது ஸ்லாக்கில்தான்.

ட்விட்டரின் திமிங்கலமும் இந்த வகைதான், ஆனால் அதன் முடிவு வேறு. எட்டுப் பறவைகள் ஒரு வெள்ளைத் திமிங்கலத்தை வலையில் தூக்கிச் செல்லும் படம். யியிங் லூ என்ற ஓவியர் நண்பருக்கு வாழ்த்து அட்டையாக வரைந்தது. 2008 வாக்கில் ட்விட்டர் திணறும்போதெல்லாம் அது திரைக்கு வந்தது. மக்கள் அதற்கு ரசிகர் மன்றமே வைத்தார்கள், உடம்பில் பச்சை குத்திக்கொண்டவர்களும் உண்டு. ஆனால், திமிங்கலம் அடிக்கடி வர வர, ட்விட்டர் என்றால் முடங்கும் தளம் என்று அதுவே முத்திரை குத்திவிட்டது. 2013-ல் நிறுவனம் அதை ஓய்வுக்கு அனுப்பியது. அழகான மன்னிப்புக்கும் ஓர் எண்ணிக்கை இருக்கிறது.

குரோமின் டைனோசர் நம் ஊரிலும் பிரபலம். நெட் பேக் தீர்ந்த சமயத்தில் கள்ளிச்செடி தாண்டாத பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். 2014-ல் வந்தது. இணையம் இல்லாவிட்டால் கற்காலத்துக்கும் முன்னே போய்விட்டோம் என்பதுதான் அதில் பொதிந்த சிரிப்பு. விளையாடி முடிக்க 1.7 கோடி ஆண்டுகள் ஆகும்படி அமைத்திருக்கிறோம் என்று அதன் வடிவமைப்பாளர்கள் சொன்னார்கள். டி-ரெக்ஸ் பூமியில் வாழ்ந்த காலம் அது என்பது அவர்கள் கணக்கு.

வியர்க்கும் விரல்

இந்தக் கலையில் நான் முதலிடம் தருவது மெயில்சிம்ப்புக்கு. அட்லான்டாவில் 2001-ல் தொடங்கிய, சிறு வியாபாரிகள் வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாக மின்னஞ்சல் அனுப்ப உதவும் சேவை. அதன் சின்னம் ஃப்ரெடி என்கிற குரங்கு. ஐயாயிரம் பேருக்கு ஒரு கடிதம் அனுப்பப்போகிறீர்கள். விலையைத் தப்பாகப் போட்டிருந்தால்? பெயர் மாறியிருந்தால்? அழுத்திவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. அந்தக் கடைசி நொடியில் திரையில் ஃப்ரெடியின் விரல் மட்டும் தெரியும், சிவப்புப் பொத்தானுக்கு மேலே, வியர்வை சொட்டச் சொட்ட. அழுத்தி முடித்ததும் அதே கை உயர்ந்து, 'ஹை-ஃபைவ்' தட்டச் சொல்லி உங்கள் கைக்காகக் காத்திருக்கும்.

ஒரு சொல்கூட இல்லாத நகைச்சுவை. 'உங்களுக்கு உதறுகிறது, எங்களுக்குத் தெரியும்' என்பதை இதைவிட எப்படிச் சொல்வது? பயனர் எந்த நொடியில் என்ன மனநிலையில் இருப்பார் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனையைக் கேட் கீஃபர் லீ தலைமையில் வழிகாட்டி நூலாகவே எழுதி, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிட்டார்கள். அதன் சாரம்: நம் குரல் எப்போதும் ஒன்றுதான், தொனி மட்டும் கேட்பவரின் நிலைமைக்கேற்ப மாற வேண்டும். கடிதம் வெற்றிகரமாகப் போனதா, கொண்டாடு. கணக்கு முடக்கப்பட்டதா, கட்டணம் செலுத்துவது தடைபட்டதா, வாயை அடக்கி நடந்ததைச் சொல், அடுத்து என்ன செய்யலாம் என்று சொல். ஃப்ரெடியின் ஜோக்குகள் பிடிக்காதவர்கள் அதை அணைத்துவைக்கவும் வசதி கொடுத்திருந்தார்கள். சிரிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமையை வாடிக்கையாளருக்குக் கொடுத்த நிறுவனம்!

அந்த உரிமை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2016 ஏப்ரல் 1 காட்டியது. ஜிமெயிலில் 'அனுப்பு' பொத்தானுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பொத்தானை வைத்தது கூகுள். அதை அழுத்தினால் பதிலோடு மைக்கைக் கீழே போடும் மினியன் பொம்மையின் படமும் சேர்ந்து போகும். அதன்பின் அந்த உரையாடலில் யார் என்ன எழுதினாலும் உங்கள் கண்ணில் படாது. பழக்க தோஷத்தில் கை மாறி அழுத்தியவர்கள் மேலதிகாரிக்கும் வாடிக்கையாளருக்கும் மினியனை அனுப்பிவிட்டுக் கதறினார்கள். சில மணி நேரத்தில் கூகுள் அதை எடுத்துவிட்டு மன்னிப்பு கேட்டது. இதே கூகுள் 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயிலை அறிவித்தபோது, மற்றவர்கள் சில மெகாபைட் தந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு ஜிகாபைட் இடம் இலவசம் என்றதைப் பலர் முட்டாள்தின விளையாட்டு என்றே நினைத்தார்கள். அது நிஜமாக இருந்தது. பயனருக்கு லாபமாக இருந்தது. மினியனில் சிரிப்பு கூகுளுக்கு, விழுந்த அடி பயனருக்கு.

கணினி முடங்கினால் தோன்றும் நீலத்திரையில், 2012-ல் விண்டோஸ் 8-ல் வந்த சோக முகத்தையும் சொல்ல வேண்டும். வீட்டுக் கணினியில் அது பரவாயில்லை. 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் பழுதான அப்டேட் ஒன்றால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, உலகமெங்கும் விமான நிலையத் திரைகளில் அதே சோக முகம் வரிசையாக நின்றது. இந்தியாவில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இணைப்பு விமானத்தைத் தவறவிட்டு நிற்பவருக்குப் பொம்மை முகம் என்ன ஆறுதல்? மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட் அந்த முகத்தை நீக்கிவிட்டு, கறுப்புத் திரையில் விஷயத்தை மட்டும் சொல்லும் வடிவத்துக்கு மாறியது. நல்ல முடிவு.

வீட்டுச் சாப்பாடும் வாடிக்கையாளர் சேவையும்

நம் நாட்டில் இந்தப் பேச்சு பாணியை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தவை உணவுச் செயலிகள். 2019 ஜூலையில், அவ்வப்போது வீட்டுச் சாப்பாடும் சாப்பிடுங்கப்பா என்று சொமேட்டோ இந்தியில் ட்வீட் போட்டது. சாப்பாடு விற்கிறவரே இப்படிச் சொல்கிறாரே என்று நாடே சிரித்தது. மற்ற செயலிகளும் தத்தம் வியாபாரத்துக்கு எதிராகத் தாங்களே பேசி அதைப் பின்தொடர்ந்தன. தமிழிலும் நோட்டிஃபிகேஷன் எழுதும் கைகள் தேர்ந்துவிட்டன. மதியம் பன்னிரண்டரைக்குப் பசியைச் சரியாகக் குறிபார்த்து வடிவேலு பாணியில் ஒரு வரி வந்து விழும்போது, ஆர்டர் போடாதவரும் சிரிக்கத்தான் செய்கிறார்.

இதே சொமேட்டோவிடம் 2021 அக்டோபரில் தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவர், ஆர்டரில் ஒரு பொருள் வரவில்லை என்று சேட்டில் புகார் சொன்னார். உணவகத்தோடு பேச மொழி தடையாக இருக்கிறது என்றார் சேவை ஊழியர். தமிழ் தெரிந்தவரை வைக்க வேண்டியதுதானே என்று இவர் கேட்க, இந்தி தேசிய மொழி, எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. இந்தியாவுக்குத் தேசிய மொழி என்று ஒன்று அரசியல் சட்டத்திலேயே இல்லை. திரைப்பிடிப்பு வெளியானதும் செயலியைப் புறக்கணிக்கும் ஹேஷ்டேக் நாடு முழுக்கப் பரவியது. நிறுவனம் 'வணக்கம் தமிழ்நாடு' என்று தொடங்கித் தமிழிலும் மன்னிப்புக் கடிதம் வெளியிட்டது. ஊழியரை நீக்கிவிட்டதாகச் சொன்னது. செயலியின் தமிழ் வடிவமும், கோயம்புத்தூரில் ஒரு சேவை மையமும் தயாராகின்றன என்றது. கொஞ்ச நேரத்தில் நிறுவனர் தீபிந்தர் கோயல், இதற்காக வேலையை விட்டு நீக்கியிருக்கக் கூடாது என்று அந்த ஊழியரை மறுபடி சேர்த்தார்.

வாடிக்கையாளரின் கோபம் முற்றிலும் நியாயம். அந்த ஊழியரைத் திரும்பச் சேர்த்ததும் நியாயமே. தமிழ்நாட்டிலிருந்து வரும் புகாருக்குத் தமிழ் தெரியாதவரை உட்காரவைத்தது அவர் அல்ல. நோட்டிஃபிகேஷன் எழுதத் தமிழறிந்த ஆள் தேடிய நிறுவனம், ரீஃபண்ட் பேச அப்படி ஓர் ஆளைத் தேடவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பசியைக் கிளப்பும்போது நம் மொழி, பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது அவர்கள் மொழி. பொருள் வராததற்கும் மொழி தெரியாததற்கும் கடைசியில் பழி வாடிக்கையாளர் தலையில் வந்து விழுந்தது. 1981-ல் லிசாவின் முன் உட்கார்ந்திருந்தவர் தப்பாகத்தான் படித்தார். இங்கே அப்படியேதான் எழுதியிருந்தது.

செயலிகளின் தமிழ்த் திரைகளும் பெரும்பாலும் இந்தக் கதிதான். மொழிபெயர்ப்பவருக்குத் திரையைக் காட்டுவதில்லை. எக்ஸெல் தாளில் வரிகளை மட்டும் அனுப்புகிறார்கள். எந்த இடத்தில், யார், என்ன பதற்றத்தில் படிப்பார் என்று தெரியாமல் அவர் எழுதும் வாக்கியம் கல்வெட்டு மாதிரி வந்து நிற்கிறது. 'தங்கள் கோரிக்கையைச் செயல்படுத்த இயலவில்லை.' ஆங்கிலத்தில் குழைந்து பேசும் செயலி தமிழில் தாலுகா அலுவலகமாகிவிடுகிறது.

உதாரணத்துக்கு, மருந்துக் கடையில் ஓர் அம்மா 640 ரூபாய்க்கு க்யூஆர் ஸ்கேன் செய்கிறார். சக்கரம் சுற்றுகிறது. வங்கியிலிருந்து பணம் எடுத்தாயிற்று என்று எஸ்எம்எஸ் வந்துவிட்டது. கடைக்காரரின் ஸ்பீக்கர் பெட்டி வாய் திறக்கவில்லை. செயலியில் 'நிலுவையில் உள்ளது' என்று ஒரே வரி. பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். அந்த அம்மா கேட்பது, 'நான் ஏதாவது தப்பா அமுக்கிட்டேனா தம்பி?'

அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் 2019 செப்டம்பரிலிருந்தே ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையில் இருக்கிறது. கணக்கிலிருந்து பணம் போய், கடைக்காரருக்கு உறுதி கிடைக்காமல் நின்றுபோன யுபிஐ பரிவர்த்தனை 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால், கேட்காமலேயே நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். இதைத் திரையில் எழுத எவ்வளவு இடம் வேண்டும்? 'நீங்கள் சரியாகத்தான் அனுப்பினீர்கள். பணம் கடைக்குப் போய்ச் சேரவில்லை என்றால் 5 நாளுக்குள் உங்கள் கணக்குக்கே திரும்பிவிடும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் சேர்த்துத் தருவோம்.' மூன்று வரி. பட்டாசு வெடிக்கும் அனிமேஷனோடு கேஷ்பேக் கூப்பன் காட்ட முழுத் திரையையும் எடுத்துக்கொள்ளும் செயலிகளில் இதற்கு இடம் இருக்கிறது.